அடியில் நிற்கும் ஸ: ராகமும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் சேரும் இடம்

வயலின், செல்லோ, டிரம்பெட் என்று எண்பது பேர் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சின்னதாக ஒரு மேடை. அதில் ஒருவர் சிதாரோடோ வீணையோடோ சம்மணமிட்டிருக்கிறார். இந்தப் படத்தைப் பார்த்ததுமே கிழக்கும் மேற்கும் கலந்துவிட்டதாக நமக்குத் தோன்றிவிடும். கருவிகள் ஒரே மேடையில் இருப்பதற்கும் இசை கலப்பதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. வயலின் நம்மிடம் வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று அது இல்லாத பாட்டுக் கச்சேரியைப் பார்ப்பதே அரிது. அதற்காக யாரும் கர்நாடகக் கச்சேரியைக் கலப்பிசை என்று சொல்வதில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை எங்கள் இராமநாதபுரம் கடற்கரையிலேயே காட்டிவிடலாம். இராமேசுவரம் கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கும்போது பின்னால் ஒரே சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் அதற்கென்றே ஒத்து என்று ஒரு குழல் உண்டு. அந்த ஒரு சுரத்தை ஊதுவதுதான் ஒருவருடைய முழு வேலை. இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டி. நாகஸ்வரக்காரர் மேல்ஸ்தாயிக்கு ஏறினாலும் சரி, கீழே இறங்கினாலும் சரி, ஒத்து அசையாது. அப்புறம் தீவுக்குள்ளேயே பாம்பன் பக்கமாக வந்தால் தங்கச்சிமடம். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் பாடற்குழு பாடும்போது கீபோர்டு வாசிப்பவரின் இடது கையைக் கவனியுங்கள். அடியில் ஒலிக்கும் சுரம் வரிக்கு வரி மாறும், சில இடங்களில் சொல்லுக்குச் சொல் மாறும். பாடுபவர்கள் ஒரே சுரத்தில் நின்றாலும் அடி மாறியதும் அந்தச் சுரத்தின் நிறமே வேறாகிவிடும்.

ஒன்றில் அடி நிற்கிறது, மேலே இருப்பது நகர்கிறது. மற்றதில் அடியே நகர்கிறது. ராகத்தையும் ஆர்கெஸ்ட்ராவையும் சேர்க்க முயன்றவர்கள் தடுக்கி விழுந்ததும் தாண்டிப் போனதும் இந்தப் படியில்தான். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

முதலில் நம் பக்கம். பாடுபவர் தமக்கு வசதியான ஒரு உயரத்தை ஸ என்று வைத்துக்கொள்கிறார். ஆண்களுக்குப் பெரும்பாலும் 1 அல்லது 1½ கட்டை, பெண்களுக்கு 5 அல்லது 5½ கட்டை. (கீபோர்டின் C வெள்ளைக் கட்டை 1, அதை அடுத்த கறுப்பு 1½, அடுத்த வெள்ளை 2 என்று போகும் கணக்கு இது.) அதன்பின் கச்சேரி முடியும்வரை அந்த ஸ மாறாது. ரி, க, ம எல்லாவற்றுக்கும் மதிப்பு இந்த ஸ-விலிருந்து எவ்வளவு தூரம் என்பதில்தான் இருக்கிறது. இதற்கு மேல் கமகம், அதாவது சுரத்தை ஆட்டியும் வழுக்கியும் இசைப்பது. கீபோர்டில் ஸ-விலிருந்து கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் எண்ணினால் மூன்றாவதாக வரும் கட்டையை, சாதாரண காந்தாரம் என்று பெயருள்ள க-வை எடுத்துக்கொள்ளுங்கள். கரகரப்பிரியா, தோடி, பைரவி ஆகிய மூன்று ராகங்களுக்கும் அதே கட்டைதான். ஆனால் தோடியில் அது நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் தோடியும் போய்விடும். சுரவரிசையை மட்டும் தெரிந்துகொண்டு ராகத்தைத் தெரிந்துகொண்டதாக நினைக்க முடியாது என்பது இதனால்தான்.

இனி அந்தப் பக்கம். மேற்கத்திய இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. சங்கராபரண ராகத்தின் (C-யை ஸ என்று வைத்தால் வெள்ளைக் கட்டைகள் மட்டும்) ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது ஒரு கார்டு. ம, த, ஸ சேர்ந்தால் இன்னொன்று. ப, நி, ரி சேர்ந்தால் மூன்றாவது. இந்த மூன்றையும் இதே வரிசையில் வாசித்துவிட்டு, மூன்றாவதில் கையை எடுத்துவிடுங்கள். ஏதோ பாதியில் நின்றுபோனது போல இருக்கும். மறுபடி ஸ, க, ப வாசித்தால்தான் காது அடங்கும். இந்தத் தவிப்பும் அடங்கலும்தான் சிம்பொனியை ஓட்டும் இயந்திரம். முக்கால் மணி நேரப் படைப்பு ஒன்று தொடங்கிய சுருதியை விட்டு எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரும்போது கேட்பவருக்குக் கிடைக்கும் நிம்மதி இதிலிருந்துதான் பிறக்கிறது. நம் ராகம் நங்கூரம் போட்ட வள்ளம்; கயிறு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு தூரம் ஆடும். சிம்பொனி கடலுக்குள் போய்விட்டுக் கரை திரும்பும் விசைப்படகு.

சரி, இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? வீட்டில் ஒரு சின்னக் கீபோர்டு இருந்தால் போதும், மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். ஸ ரி க ப த. ஐந்தே சுரம். இந்த ஐந்தை மட்டும் வைத்து எத்தனை முழுமையான மூன்று சுரக் கார்டுகள் கட்ட முடியும்? ஸ-க-ப ஒன்று. த-ஸ-க இன்னொன்று. அவ்வளவுதான். முதலாவது மேஜர், மலர்ச்சியாக ஒலிக்கும்; இரண்டாவது மைனர், சற்றே சோகமாக ஒலிக்கும். காதைத் தவிக்க வைத்துத் திருப்பி அழைத்து வரும் ப-நி-ரி கார்டு வேண்டுமென்றால் நி தேவை. ம-த-ஸ வேண்டுமென்றால் ம தேவை. மோகனத்தில் இரண்டுமே கிடையாது. கார்டுக்காக அவற்றைச் சேர்த்தால் மேலே பாடகர் மோகனம் பாடிக்கொண்டிருப்பார், கீழே ஆர்கெஸ்ட்ரா சங்கராபரணத்தை வாசித்துக்கொண்டிருக்கும். திரைப்பாடல்களில் இதை நாம் ரசித்துக் கேட்டுப் பழகிவிட்டோம், அதில் தவறும் இல்லை. ஆனால் அங்கே நாம் கேட்பது மோகனத்தின் சாயலைத்தான்.

இதைவிடச் சுவாரசியமான சங்கடம் ஹிந்தோளத்தில் இருக்கிறது. ஸ க ம த நி. இங்கே க, த, நி மூன்றும் சங்கராபரணத்தில் இருப்பதைவிட அரைக் கட்டை கீழே. இதிலும் இரண்டே கார்டுகள்தான்: த-ஸ-க, ம-த-ஸ. இரண்டுமே ஸ-வில் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ-வை அடியாகக் கொண்டு கார்டு கட்ட ப வேண்டும். ஹிந்தோளத்தில் ப இல்லை. அதனால் ஹிந்தோள மெட்டுக்குக் கீழே த-ஸ-க கார்டை நாலு தடவை அழுத்தமாக வாசித்துவிட்டால், கேட்பவரின் காது த-வையே ஸ-வாக எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்ட நொடியில் அவர் கேட்பது ஹிந்தோளம் இல்லை, மோகனம். பாடகர் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. கீழே இருந்தவர்கள் அவருடைய ராகத்தையே மாற்றிவிட்டார்கள். நம் வித்துவான்கள் கிரகபேதம் என்று இதைத் தெரிந்தே, கொஞ்ச நேரம் மட்டும் செய்துகாட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு பழைய ஸ-வுக்குத் திரும்பிவிடுவார்கள். கவனமில்லாத ஆர்கெஸ்ட்ரா அமைப்பில் அது தெரியாமலே நடக்கும், திரும்பவும் வராது.

இந்த மோதலை நம் முன்னோர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் ஒரு நல்ல தந்திரம் தெரிகிறது. இராமேசுவரம் ராமநாதர் மீது ‘ராமநாதம் பஜேஹம்’ என்ற கிருதியைக் காசிராமக்ரியா ராகத்தில் பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). இன்று அந்த ராகத்தைப் பந்துவராளி என்போம். அவரே சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று சுமார் 40 பாட்டுகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதைப் பாடிப் பாருங்கள், அது பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அவர் எடுத்துக்கொண்டது மெட்டை மட்டும். பேண்டில் அதற்குக் கீழே ஒலித்த கார்டுகளை அவர் கொண்டுவரவில்லை. எல்லாமே சங்கராபரணச் சுரங்களில், அசையாத ஸ-வின் மேல் உட்கார்ந்துகொண்டன.

அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். வயலின் விஷயத்திலும் அதே கதைதான். கருவி வந்தது. நாற்காலியும் மேற்கத்தியச் சுருதி அமைப்பும் வரவில்லை. நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டி, தரையில் உட்கார்ந்து, கருவியின் தலையைக் கணுக்கால் மேல் ஊன்றிக்கொண்டார்கள். இடது கை கழுத்தைத் தாங்க வேண்டியதில்லை என்பதால் விரல் தந்தி மேல் தாராளமாக வழுக்கும், கமகம் பிறந்துவிட்டது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கதனகுதூகலம் என்ற ராகத்தை உருவாக்கியவர் பட்ணம் சுப்பிரமணிய ஐயர். அதன் ஏறுமுகம் ஸ ரி ம த நி க ப ஸ. படிப்படியாக ஏறாமல் துள்ளித் துள்ளிப் போகும், கமகம் குறைவு. கேட்டால் மேற்கத்திய பேண்டின் மிடுக்கு தெரியும். வாத்தியக் குழுக்களுக்கு அது பிடித்த ராகமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்தச் சுப்பிரமணிய ஐயரின் சீடர்தான் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பூச்சி சீனிவாச ஐயங்கார். இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பூச்சி ஐயங்காரின் சீடர். மேற்கின் வாசனையை ராகத்துக்குள்ளே அடக்கிய வழி இது. கலப்பு என்றே தெரியாது, அவ்வளவு நன்றாகக் கலந்திருக்கும்.

அரண்மனைக் கச்சேரிக்கு இது போதும். எண்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவோடு சேர வேண்டும் என்றால் இன்னும் சில இடைஞ்சல்கள் இருக்கின்றன.

ஒன்று கமகம். தனி வயலின்காரர் தோடி காந்தாரத்தை ஆட்டலாம். பதினாறு பேர் ஒரே நேரத்தில் ஆட்டினால்? ஒவ்வொருவர் ஆட்டமும் நூலிழை வித்தியாசப்படும். கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் கலங்கல். மேற்கத்திய நொட்டேஷனில் சுரத்தின் இடத்தையும் நீளத்தையும் துல்லியமாக எழுதலாம். ஆட்டத்தின் உருவத்தை எழுத வசதி குறைவு. கருவிகளும் ஒரே மாதிரி இல்லை. வயலின் குடும்பமும் டிராம்போனும் வழுக்கும். ஓபோவும் கிளாரினெட்டும் ஓரளவுக்கு வளையும். பியானோ ஒரு இம்மியும் நகராது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதும் இந்தக் கோபத்தில்தான்; அந்தத் தடை 1971-இல்தான் தளர்ந்தது. கமகம் வராது என்பது ஒரு குற்றச்சாட்டு. இன்னொன்று சுரத்தானம். தம்பூராவை உற்றுக் கேட்டால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் க) ஒன்று தானாகக் கேட்கும். ஒரு ஸ்தாயியை (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை) 1200 பங்காகப் பிரித்தால் அந்தக் காந்தாரம் 386-இல் நிற்கும். பியானோவில் அது 400. வித்தியாசம் 14 பங்கு. சின்னதுதான், ஆனால் தம்பூரா பக்கத்தில் இருந்தால் உறுத்தும். ஆர்கெஸ்ட்ராவின் வயலின்காரர்கள் பியானோவுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. காதால் கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். ஆகவே பியானோ இல்லாத ஆர்கெஸ்ட்ரா நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

கட்டை விஷயம் சின்னது, சொல்லிவிட்டுப் போகலாம். ஆர்கெஸ்ட்ரா சுருதி சேர்ப்பது 6 கட்டைக்கு, அதாவது 440 ஹெர்ட்ஸ். ஓபோ அதை ஊத மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். 1½ கட்டையில் பாடுபவர் வந்தால் மேற்கத்திய வயலின்காரர்களுக்குத் தலைவலி. அந்தச் சுருதியில் அவர்களுடைய திறந்த தந்திகள் துணைக்கு வராது, ஒலி மங்கும். அரைக் கட்டை ஏற்றி 2 கட்டையில் பாட முடிந்தால் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் கணீரென்று ஒலிக்கும். ஒலி அளவும் அப்படித்தான். வீணை மெல்லிய கருவி, மைக் இல்லாமல் எண்பது பேருக்கு முன் எடுபடாது. நாகஸ்வரமும் தவிலும் அதற்கு நேரெதிர். ரதவீதிக்காகவே பிறந்தவை, டிரம்பெட் வரிசைக்குச் சளைக்காது. கலப்பு முயற்சிகளில் இவ்வளவு காலமும் சிதாரும் வயலினும் முன்னால் நின்று நாகஸ்வரம் பின்தங்கியதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

தாளத்துக்கு வருவோம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை இரண்டு நாலு-நாலு பட்டைகளாக (மேற்கத்திய இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரிக்கும் அளவுகள்) எழுதிவிடலாம், பிரச்சினை இல்லை. மிஸ்ர சாபு தாளத்தின் ஏழும் அவர்களுக்குப் புதிதில்லை. கோர்வை, அதாவது கணக்குப் போட்டுத் தாளத்தில் கொண்டுபோய் முடிக்கும் சொற்கட்டு, வரும்போதுதான் ஆட்டம் காணும். ததிங்கிணதொம் என்ற ஐந்தை மூன்று முறை வாசித்தால் பதினைந்து. நான்கு எண்ணிக்கைக்குப் பதினாறு மாத்திரை. ஆகவே ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் மூன்று முறை முடிந்து சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும். ஸ்கோர் (ஆர்கெஸ்ட்ராவுக்கான இசைக்குறிப்பு) எழுதுபவர் இசைக்கலைஞர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஐந்து ஐந்தாகப் பட்டை பிரித்து எழுதினால் எல்லோரும் பிசகாமல் வாசித்துவிடுவார்கள். கோர்வையின் சுவை செத்துவிடும். உள்ளே ஓடும் நாலுக்கு எதிராக மேலே ஐந்து ஓடுகிறது, எங்கே போய்ச் சேருமோ என்ற பதைப்புதானே அதன் சுவை? குழுவை நடத்தும் கண்டக்டரின் கையே ஐந்தைக் காட்டினால் எதிர்ப்பதற்கு எதுவும் இல்லை. கண்டக்டர் நாலையே காட்டிக்கொண்டிருக்க, கலைஞர்கள் அதன் குறுக்கே ஐந்தை வாசிக்க வேண்டும். இதற்கு ஒத்திகை நேரம் அதிகம் வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் போகும் ஊர்களில் அதுதான் கிடைக்காத பொருள்.

மனோதர்மம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் கற்பனை செய்யலாம், எண்பது பேர் சேர்ந்து செய்ய முடியாது. வழக்கமான ஏற்பாடு: ஆர்கெஸ்ட்ரா ஒரு சுரத்தைப் பிடித்தபடி நிற்கும் அல்லது ஓய்ந்துவிடும், தனிக் கலைஞர் ஆலாபனை செய்வார், முன்பே பேசிவைத்த ஒரு பிடி (சுரத் தொடர்) வந்ததும் கண்டக்டர் கையைத் தூக்குவார். கேட்க எளிதாக இருக்கிறது. அந்தப் பிடி வருவதற்குள் கண்டக்டருக்கு வியர்த்துவிடும்.

இப்போது சில படைப்புகளைப் பார்த்தால் அவரவர் அடியில் இருக்கும் ஸ-வை என்ன செய்தார்கள் என்று புரியும். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கேட்டுக்கொண்டதன் பேரில் ரவிசங்கர் எழுதிய முதல் சிதார் கான்சர்ட்டோ (தனிக் கருவிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு) 1971 ஜனவரியில் லண்டனில் அரங்கேறியது. கண்டக்டர் ஆந்த்ரே ப்ரெவின். கமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ் என்று நான்கு பகுதிகள். கார்டுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆர்கெஸ்ட்ராவை ஒரு பெரிய தம்பூராவாகவும் பதில் சொல்லும் குரலாகவும் அவர் வைத்துக்கொண்டார். ஆர்கெஸ்ட்ராவை வீணடித்துவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான தீர்வாகத்தான் படுகிறது. ராகம் அங்கே ராகமாகவே இருக்கிறது. 1981-இல் ஜுபின் மேத்தாவும் நியூயார்க் பில்ஹார்மோனிக்கும் அவருடைய இரண்டாவது கான்சர்ட்டோவை வாசித்தார்கள். அதே மேத்தா, அதே ஆர்கெஸ்ட்ராவோடு 1985-இல் எல். சுப்பிரமணியம் தம் வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான வேத மந்திரப் படைப்பை வாசித்தார். கர்நாடக வயலினையும் மேற்கத்திய வயலினையும் ஒரே கையில் வைத்திருப்பவர் என்பதால் தனிக் கருவிக்கும் குழுவுக்கும் இடையில் அங்கே சுவர் தெரியாது. தாளத்தை முன்னே நிறுத்திய முயற்சி வேண்டுமென்றால் ஜாகிர் உசேனின் தபலா கான்சர்ட்டோ. 2015-இல் மும்பையின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவோடு அரங்கேறியது. தபலாவுக்கு ராகம் பிடிக்கும் கடமை இல்லை. அந்தச் சுதந்திரம் அவருக்கு உதவியது.

இளையராஜாவைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்த ‘வேலியன்ட்’ மேற்கத்திய வடிவத்தில், அந்த இலக்கணப்படி எழுதிய சிம்பொனி. அதில் ராகத்தைத் தேடி ஏமாற வேண்டாம். 2005-இல் வந்த திருவாசகம் வேறு வகை. மாணிக்கவாசகர் பாட்டுக்குப் புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவும் கூட்டுப் பாடகர்களும் துணை. கலப்பு என்ற சொல்லுக்கு நெருங்கியது 1986-இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கியது அது. முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அதில் இல்லை, ஆனால் பாக்கின் வழி வேலை செய்கிறது. பாக்கின் இசையில் கார்டுகள் கட்டியாக வந்து விழுவதைவிட, இரண்டு மூன்று மெட்டுகள் தனித்தனியாக ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அதிகம். ஒவ்வொரு மெட்டும் ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே ஓடினால் ராகத்துக்கு ஆபத்து குறைவு. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான்.

கேட்டு முடித்துவிட்டுக் கீபோர்டில் ஒன்று செய்து பார்க்கலாம். ராமநாதர் கிருதியின் பந்துவராளியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். அதாவது சங்கராபரணச் சுரங்களில் ரி-யும் த-வும் அரைக் கட்டை கீழே, ம அரைக் கட்டை மேலே. ஸ-க-ப கார்டு இருக்கிறது. ரி-க-த சேர்ந்தால் ஒரு மைனர் கார்டும் கிடைக்கிறது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால் பேய்ப்படத்தின் பின்னணி இசை தயார். ஆனால் திரும்பி அழைத்து வரும் ப-நி-ரி இங்கே சரியாக விழாது; ரி அரைக் கட்டை கீழே இருப்பதால் கார்டு கோணலாகிவிடும். மேற்கத்திய இயந்திரத்தின் முக்கியச் சக்கரம் இந்த ராகத்தில் கிடையாது. ஆகவே செல்லோக்களுக்கும் டபுள் பேஸ்களுக்கும் ஸ-வையும் ப-வையும் மட்டும் கொடுத்து, க-வைத் தொடாமல் நிறுத்திவையுங்கள். மேஜரா மைனரா என்று முடிவாகாத அந்த வெற்றிடத்துக்கு மேலே நாகஸ்வரம் பிரதி மத்தியமத்தை இழுத்துப் பஞ்சமத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். பிரெஞ்சு ஹார்ன்கள் அந்தப் பஞ்சமத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம், அதற்கு முன் வேண்டாம்.